சாதிக்காய், ஸ்தெங்கா, கள்: ஒரு குவளைக்குள் நம் வரலாறு



விஸ்கிக் கலவையை வீட்டிலேயே சமனாகக் கலப்பது எப்படி என்று கற்பிக்கும் காணொளிகள் இன்று எங்கும் மலிந்துள்ளன. ரை எனும் தானியத்தில் வடித்த விஸ்கி, இனிப்பூட்டிய திராட்சை மது, கசப்புச் சாறு, பனிக்கட்டி, அழகிய கண்ணாடிக் குவளை. அமைதியான இசையின் பின்னணியில் ஒருவர் அதனைக் கலை நயத்தோடு கலக்குகிறார். நம் இடைநிலைப்பள்ளிப் பிள்ளைகளும் இவற்றைக் காண்கின்றனர். 'காக்டெயில்' என்ற சொல் அவர்கள் செவிக்கு நாகரிகமாக ஒலிக்கிறது. 'கள்' என்ற சொல்லோ தலைகுனிவைத் தருகிறது.

என் வகுப்பில் தோட்டப்புற வாழ்க்கையைப் பற்றிக் கட்டுரை எழுதப் பணித்தால், பத்தில் ஆறு ஏடுகளில் ஒரு குடிகாரத் தந்தை தவறாமல் வந்து நிற்பார். தோட்டத்தையே கண்டிராத பத்து, பதினொரு வயதுப் பிள்ளைகள் எழுதுபவை அவை. நாடகங்களும் திரைப்படங்களும் நகைச்சுவைத் துணுக்குகளும் அவர்களுக்கு அந்தத் தந்தையைத் தந்திருக்கின்றன. ஒரு குவளை நாகரிகமாகவும் மற்றொரு குவளை இழிவாகவும் ஆன கதையை நாம் அவர்களுக்குச் சொல்லித் தரவில்லை. அக்கதையைச் சொல்வதே இவ்விடுகையின் நோக்கம். நான் வாழும் பாலிக் புலாவுக்கும் அதில் ஒரு பங்குண்டு.

சமன் என்பது யாது?

முதலில் அந்தக் கலவையையே ஆராய்வோம். ரை விஸ்கியில் செய்யப்படுவனவற்றுள் புகழ்பெற்றது 'மன்ஹாட்டன்'. இதன் வழக்கமான அளவு: ரை விஸ்கி 60 மி.லி., இனிப்பு வெர்மூத் 30 மி.லி., கசப்புச் சாறு இரண்டு சொட்டு. வெர்மூத் என்பது மூலிகைகள் ஊறிய திராட்சை மது. இவற்றைப் பனிக்கட்டியோடு சேர்த்து ஏறத்தாழ அரை நிமிடம் மெல்லக் கிளறி வடித்துவிட்டால் வேலை முடிந்தது.

இதிலுள்ள சூத்திரம் எளிது. ரை தானியத்தின் விஸ்கி காரமும் வறட்சியும் கொண்டது. அந்தக் காரத்தை வெர்மூத்தின் இனிப்பு தணிக்கிறது. இனிப்பு திகட்டாமல் கசப்பு காக்கிறது. உருகும் பனிக்கட்டியின் நீர் மூன்றையும் இணைக்கிறது. நீர் குறைந்தால் தொண்டை எரியும். மிகுந்தால் சுவை கெடும். இந்த நான்கும் ஒன்றையொன்று அடக்கி நிற்பதே சமன். உப்பும் புளியும் காரமும் அளவறிந்து சேரும் நம் வீட்டு இரசத்துக்கும் இதே இலக்கணம்தான்.

'காக்டெயில்' என்பதற்கு அச்சில் வந்த முதல் விளக்கமாகப் பலரும் குறிப்பிடுவது 1806ஆம் ஆண்டு மே மாதம் நியூயார்க் மாநிலத்தின் ஹட்சன் நகரிலிருந்து வெளிவந்த ஓர் இதழில் உள்ளது. மது, சர்க்கரை, நீர், கசப்புச் சாறு ஆகிய நான்கின் கலவை என்று அது வரையறுத்தது. அவ்விதழின் பெயரின் முதற்சொல்லுக்குத் 'துலாக்கோல்' என்று பொருள். சமன் செய்யும் பானத்துக்குத் துலாக்கோலே விளக்கம் தந்தது இனிய தற்செயல்!

அக்காலத்து அமெரிக்காவில் ரை விஸ்கி எளிய உழவர்களின் பண்டம். 1791இல் அரசு விஸ்கிக்கு வரி விதித்தபோது பென்சில்வேனிய உழவர்கள் கிளர்ந்தெழுந்தனர். 1794இல் அதிபர் வாஷிங்டன் படை திரட்டி அக்கிளர்ச்சியை அடக்கினார். அதே வாஷிங்டன், பதவியிலிருந்து விலகிய 1797இல் தம் பண்ணையில் வடிசாலை ஒன்றைத் தொடங்கினார். 1799இல் அங்கு வடித்த மது ஏறத்தாழ 11,000 கேலன். அதன் பெரும்பகுதி ரை விஸ்கி. மதுவுக்கு வரி விதித்த கையே மதுவை வடித்தும் விற்றது. இந்தச் செய்தியை நினைவில் இருத்துங்கள். மலாயாவில் இதனை மீண்டும் காணப்போகிறோம்.

ஐந்தின் பானம்

காக்டெயிலுக்கு ஒரு பாட்டன் உண்டு. அவன் பெயர் 'பஞ்ச்'. கிழக்கிந்தியக் கும்பினியின் ஊழியர் ஒருவர் 1632இல் எழுதிய கடிதமே ஆங்கிலத்தில் இச்சொல்லின் பழைய பதிவு என்பர். 'ஐந்து' என்னும் பொருளுடைய இந்தியச் சொல்லிலிருந்து அது பிறந்தது என்பது பரவலான கருத்து. பீப்பாயைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தது என்போரும் உளர். ஐந்து பொருள்களாவன: சாராயம், சர்க்கரை, எலுமிச்சை, நீர், நறுமணப் பொருள். புளிப்பு ஒரு பங்கு, இனிப்பு இரண்டு பங்கு, மது மூன்று பங்கு, நீர் நான்கு பங்கு என்பது பின்னாளில் பரவிய வாய்பாடு. எல்லாம் கலந்தபின் மேலே சிறிது சாதிக்காயைத் துருவித் தூவுவர்.

இந்தியக் கரையில் வணிகர்கள் கலந்த பஞ்சுக்குக் கோவாச் சாராயம் பெயர்பெற்றது. அது எதிலிருந்து வந்தது தெரியுமா? தென்னங்கள்ளைக் காய்ச்சி வடித்தது அது. ஆங்கிலேயர் குளிர்காலத்தில் விஸ்கியில் வெந்நீரும் சர்க்கரையும் சேர்த்து அருந்தும் பானத்துக்கு 'டாடி' என்று பெயர். அச்சொல்லும் பனங்கள்ளைக் குறிக்கும் 'தாடி' என்ற இந்திச் சொல்லின் திரிபே. ஆக, நாம் நாணத்தோடு உச்சரிக்கும் கள், சீமைக் குவளைக்குள் பெயராகவும் பொருளாகவும் மரியாதையோடு அமர்ந்திருக்கிறது.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். வெல்லம், எலுமிச்சை, சுக்கு, ஏலம், நீர். ஆம், நம் பானகம்! இதிலும் ஐந்து, இதிலும் புளிப்பு, இனிப்பு, காரம், நீர் ஆகியவற்றின் சமன். ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்ததென நான் வாதிடவில்லை. ஆயினும் பஞ்சிலிருந்து சாராயத்தை எடுத்துவிட்டால் மிஞ்சுவது ஏறத்தாழப் பானகமே என்பதை எவரும் தம் வீட்டுச் சமையலறையில் சுவைத்து அறியலாம். தைப்பூசத்தில் தண்ணீர்ப் பந்தல் அமைக்கும் நமக்குச் சமன் செய்யும் கலையை எவரும் புதிதாய்க் கற்பிக்க வேண்டியதில்லை.

மன்ஹாட்டனும் சாதிக்காயும்

பஞ்சின் மேல் தூவிய சாதிக்காய்க்கு வருவோம். ஒரு காலத்தில் உலகுக்கு வேண்டிய சாதிக்காய் முழுவதும் இந்தோனேசியாவின் கிழக்கிலுள்ள பண்டாத் தீவுகளிலிருந்தே சென்றது. அந்த வணிகத்தைத் தமக்கே உரியதாக்க விரும்பிய டச்சுக் கும்பினியார், 1621இல் அத்தீவு மக்களைக் கொன்று குவித்தனர். தப்பிய பலர் நாடிழந்தனர், எஞ்சியோர் அடிமைகளாயினர். அத்தீவுகளுள் ஒன்றான ருன், ஆங்கிலேயர் உரிமை கொண்டாடிய சின்னஞ்சிறு தீவு. 1667இல் பிரேடா உடன்படிக்கையின்படி ருன் டச்சுக்காரருக்கு என உறுதியாயிற்று. ஆங்கிலேயர் 1664இல் கைப்பற்றியிருந்த வட அமெரிக்கத் தீவொன்று ஆங்கிலேயரிடமே நின்றது. அத்தீவின் பெயர் மன்ஹாட்டன்!

ரை விஸ்கிக் கலவைக்கு அத்தீவின் பெயர் வாய்த்தது ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்குப் பின்னர். 1884இல் அச்சான கலவை நூல்களில் அப்பெயர் காணப்படுகிறது. குவளையில் சாதிக்காய் இல்லாவிடினும் அதன் பெயருக்குப் பின்னால் சாதிக்காய் மணக்கிறது.

பிரான்சிஸ் லைட் பினாங்கில் கொடியேற்றியது 1786இல். பத்தாண்டு கழித்து, 1796இல், ஐரோப்பியப் போரைக் காரணங்காட்டி ஆங்கிலேயர் பண்டாவையும் மொலுக்காஸ் தீவுகளையும் டச்சுக்காரரிடமிருந்து கைப்பற்றினர். கும்பினியின் தாவர வல்லுநர் கிறிஸ்டோபர் ஸ்மித் அங்கிருந்து சாதிக்காய், கிராம்புக் கன்றுகளைத் திரட்டிப் பினாங்குக்கு அனுப்பினார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் இத்தீவு நறுமணத் தோட்டங்களால் நிறைந்தது. 1860ஆம் ஆண்டை ஒட்டிப் பரவிய நோய் அத்தோட்டங்களைப் பெரிதும் அழித்தது. அந்த வணிகம் பழைய பெருமைக்குத் திரும்பவில்லை. எனினும் பாலிக் புலாவின் மலைச்சரிவுகளில் இன்றும் டுரியானுக்கு இடையே சாதி மரங்கள் காய்க்கின்றன. அவற்றின் சதையிலிருந்து சாறும் ஊறுகனியும், கொட்டையிலிருந்து தைலமும் செய்கின்றனர். 'தீவின் பின்புறம்' என்று பொருள்படும் இந்தச் சிற்றூர், உலக வரலாற்றின் முன்வாசலில் நின்றிருக்கிறது என்று என் மாணவர்களிடம் சொல்வதுண்டு.

துரையின் பாதி

இனி மலாயாவுக்குள் நுழைவோம். பினாங்கில் கும்பினி ஆட்சி தொடங்கிய சில ஆண்டுகளிலேயே அபின், சாராயம், கள், சூதாட்டம் ஆகியவற்றை விற்கும் உரிமையை ஏலத்தில் விட்டு அரசு வருவாய் ஈட்டியது. குத்தகை எடுத்தவர் விற்றார். அரசு பணம் பெற்றது. கடற்கால்வாய்க்கு அப்பால் செபெராங் பிறையின் கரும்புத் தோட்டங்களுக்கு 1840களிலிருந்து தமிழர் ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவரப்பட்டனர். அவர்கள் வெட்டிய கரும்பு சர்க்கரையாயிற்று. அதன் பாகிலிருந்து ரம் வடிக்கப்பட்டது.

பின்னர் இரப்பர் வந்தது. தோட்டத் துரைமார்களின் மன்றங்களில் மாலைதோறும் இரு பானங்கள் புழங்கின. ஒன்று 'ஜின் பாஹிட்'. 'பாஹிட்' என்பது கசப்பைக் குறிக்கும் மலாய்ச் சொல். மற்றொன்று 'ஸ்தெங்கா'. மலாய் மொழியில் 'ஸ்தெங்கா' என்றால் பாதி. பாதி விஸ்கி, பாதி சோடா. அவர்கள் கலந்தது பெரும்பாலும் ஸ்காட்லாந்து விஸ்கியாக இருக்கலாம். ஆயினும் முறை ஒன்றே: வலிமையை நீரால் சமன் செய்வது. ஜார்ஜ்டவுனில் சார்க்கீஸ் சகோதரர்கள் 1880களில் நிறுவிய கடற்கரை விடுதியிலும், சிங்கப்பூரின் ராஃபிள்ஸ் விடுதியிலும் இத்தகைய பானங்களே உயர்குடியின் அடையாளமாயின. ராஃபிள்ஸில் ஹைனானிய ஊழியர் நியாம் தோங் பூன் 1915ஆம் ஆண்டளவில் 'சிங்கப்பூர் ஸ்லிங்'கை உருவாக்கினார் என்று அவ்விடுதி பெருமையுடன் சொல்லி வருகிறது. கலந்தவர் ஆசியர், அருந்தியவர் துரை.

துரை மாலையில் அருந்தினால் அது ஓய்வு. தொழிலாளி மாலையில் அருந்தினால் அது ஒழுக்கக்கேடு. இந்த இரட்டை அளவுகோலை நாம் இன்னும் கையில் வைத்திருக்கிறோம் என்பதே என் மனக்குறை.

கள்ளுக்கடை

இறக்கிய பொழுதில் தென்னம்பதநீர் இனிப்பானது. காற்றிலும் கலயத்திலும் உள்ள நொதியங்கள் சில மணி நேரத்திலேயே அதைப் புளிக்கச் செய்கின்றன. மாலைக்குள் அதன் மதுச்செறிவு நூற்றுக்கு நான்கு, ஐந்து அளவை எட்டும். மறுநாள் புளித்துக் காடியை நோக்கிச் செல்லும். தேக்கி வைக்க இயலாத பானம் அது. அன்றன்று விற்றாக வேண்டும். ஆகவே கள்ளுக்கடை குடியிருப்புக்கு அருகிலேயே அமைந்தது.

தோட்டக் கள்ளுக்கடைகள் அரசின் உரிமத்தோடு தோட்ட நிர்வாகத்தின் மேற்பார்வையில் நடந்தன. நகரங்களில் அரசுக் கடைகள் இருந்தன. தோட்டக் கடைகளின் ஆதாயம் தொழிலாளர் நலனுக்கே செலவிடப்படும் என்பது ஏற்பாடு. கேட்பதற்கு நல்ல திட்டம். ஆழ்ந்து நோக்கினால் இதன் பொருள் வேறு. தொழிலாளியின் சம்பளத்தில் ஒரு பகுதி கடை வழியே திரும்பிச் சென்று, அவன் நலனுக்கென நிர்வாகம் தரும் கொடையாக வேடமிட்டு வந்தது. கூலி உயர்வாகக் கேட்க வேண்டியதைக் குடித்துப் பெற வேண்டியதாயிற்று.

'கடையை மூடினால் கள்ளச் சாராயமான சம்சுவைத் தேடிப் போவார்கள்' என்பது கடையைக் காத்தோரின் வாதம். இதில் உண்மை அறவே இல்லை எனல் இயலாது. பின்னாளில் மலிவான சம்சு தோட்டங்களில் கள்ளைவிடக் கொடிய கேடு விளைவித்தது. பினாங்கு பயனீட்டாளர் சங்கம் அதனை எதிர்த்து நீண்ட காலம் பரப்புரை செய்தது. 2018 செப்டம்பரில் கிள்ளான் பள்ளத்தாக்கில் மெத்தனால் கலந்த போலி மதுவால் பலர் மாண்டனர். இறந்தோருள் பெரும்பாலோர் ஏழைத் தொழிலாளர். மலிவான மதுவின் விலையை எப்போதும் எளியோரே உயிரால் செலுத்துகின்றனர்.

மூடச் சொன்னவர்கள் யார்?

நம் பிள்ளைகளின் கட்டுரைகளில் இடம்பெறாத பகுதி இதுவே. 1941இல் சிலாங்கூரில் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். கிள்ளான் இந்தியர் சங்கத்தைச் சேர்ந்த ஆர்.எச்.நாதன் அவர்களை வழிநடத்தியோருள் முதன்மையானவர். அவர்களின் கோரிக்கைகளைப் பாருங்கள். சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி. பிள்ளைகளுக்கு முறையான கல்வி. மருத்துவ வசதி. துரையைக் கண்டால் மிதிவண்டியிலிருந்து இறங்கி நிற்க வேண்டிய இழிவுக்கு முடிவு. இவற்றோடு, தோட்டங்களில் கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் ஒன்று.

குடிப்பவர்கள் என்று இகழப்பட்டவர்களே கடையை மூடச் சொன்னார்கள்! அரசு என் செய்தது? மே மாதத்தில் நாதனைக் கைது செய்து நாடு கடத்தியது. தொழிலாளர் கொதித்தெழுந்தபோது படையை அனுப்பியது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிரிழந்தனர்.

போருக்குப் பின் கெடாவில் 'தொண்டர் படை' தோன்றியது. தோட்டத்து இளைஞர்கள் சீருடை அணிந்து, அணிவகுத்து, மதுவிலக்கையும் தன்மானத்தையும் தம் மக்களிடையே பரப்பினர். ஏ.எம்.சாமி அதன் தலைவர். 1947இன் தொடக்கத்தில் பீடோங் வட்டாரத்தில் கள்ளுக்கடை முன் நடந்த மறியலில் காவல் துறையினருடன் மோதல் மூண்டது; அதில் தொழிலாளி ஒருவர் உயிர்துறந்தார். பிறகு தலைவர்கள் சிறை சென்றனர். அந்த இயக்கம் ஒடுக்கப்பட்டது.

வாஷிங்டனின் படையை இங்கே நினைவுகூர்க. அங்கே குடிமக்கள் மதுவுக்கு வரி வேண்டாம் என்றனர், படை வந்தது. இங்கே தொழிலாளர் மதுவே வேண்டாம் என்றனர்; அப்போதும் படை வந்தது. இரண்டிலும் அரசு காத்தது தன் அதிகாரத்தையும் வருவாயையுமே.

தமிழகத்தில் 1937இல் இராஜாஜி அமைச்சரவை சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கியது. கடலுக்கு அப்பால் எழுந்த அக்குரல் மலாயாத் தோட்டங்களிலும் எதிரொலித்திருக்கும். ஆயினும் நம் தொழிலாளர்கள் எந்த அமைச்சரவையின் ஆதரவும் இன்றி, வேலையையும் உயிரையும் பணயம் வைத்து இதனைக் கேட்டனர். அவ்வகையில் அவர்களின் குரல் தனித்தன்மையுடையது.

வகுப்பிலும் வீட்டிலும்

குடியினால் நம் குடும்பங்கள் சீரழியவில்லை என்று நான் கூற வரவில்லை. சீரழிந்தன, இன்றும் சீரழிகின்றன. நம் இலக்கியமும் இரு பக்கங்களையும் அறியும். சங்கப் புலவர்கள் மன்னரோடு கள்ளும் தேறலும் பகிர்ந்ததைப் பாடியுள்ளனர். வள்ளுவரோ கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கினார். ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் எங்கள் விரிவுரைஞர் ஒருவர், 'வரலாற்றில் என்ன நடந்தது என்பதோடு நிறுத்தாதீர்கள். யாருக்கு ஆதாயம் என்றும் கேட்கச் செய்யுங்கள்' என்பார். அந்த ஒரு வினாவைச் சேர்த்தால் போதும். குடிகாரத் தந்தையின் பின்னால் கடை தெரியும், கடையின் பின்னால் உரிமம் தெரியும், கடை வாசலில் மறியல் செய்த தொண்டரும் தெரிவார்.

ஆசிரியர்களுக்கு ஒரு பரிந்துரை. ஐந்தாம், ஆறாம் ஆண்டு மாணவர்களிடம் கிள்ளான் கோரிக்கைகளைப் பட்டியலாகக் கொடுத்து, எதனை முதலில் வைப்பீர்கள் என்று வரிசைப்படுத்தச் சொல்லுங்கள். கல்விக்கும் கள்ளுக்கடைக்கும் உள்ள தொடர்பை அவர்களே கண்டறிவர். என் வகுப்பில் ஒரு மாணவி, 'கடையை மூடினால்தான் ஐயா, பள்ளிக்குக் காசு மிஞ்சும்' என்றாள். அதைவிடச் சிறந்த உரையை நான் எழுத இயலாது.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். 2017 டிசம்பரிலிருந்து நம் நாட்டில் மது வாங்குவதற்குரிய வயது 21. அதுவரை காணொளிகளின் கவர்ச்சிக்கும் பிள்ளைகளுக்கும் இடையே நிற்கப்போவது உங்கள் உரையாடலே. வெறும் தடை நெடுநாள் நில்லாது, காரணம் நிற்கும். சமன் செய்யும் கலையைக் கற்க விரும்பினால், அவர்களோடு பானகம் கலந்து பாருங்கள். ஒரு லிட்டர் நீரில் 150 கிராம் வெல்லத்தைக் கரைத்து வடிகட்டுங்கள். இரண்டு எலுமிச்சையின் சாறு, அரைத் தேக்கரண்டி சுக்குத்தூள், மூன்று ஏலக்காய், ஒரு சிட்டிகை உப்பு சேருங்கள். கடைசியில் பாலிக் புலாவ்ச் சாதிக்காயைச் சிறிதளவே துருவித் தூவுங்கள். சாதிக்காய் மிகுந்தால் நஞ்சு. பின்னர் பிள்ளையையே சுவைக்கச் சொல்லுங்கள். புளிப்பு தூக்கலா, இனிப்பு தூக்கலா, எதைச் சேர்த்தால் நேராகும் என்று அவரே தீர்மானிக்கட்டும். மலாய், சீன அண்டை வீட்டாருக்கும் தயக்கமின்றி ஒரு குவளை கொடுக்கலாம்.

அதைப் பருகும் வேளையில் பண்டாத் தீவையும், மன்ஹாட்டனையும், கிள்ளானையும், பீடோங்கையும் கதையாகச் சொல்லுங்கள். நம் முன்னோர் கூலியையும் கல்வியையும் மதிப்பையும் ஒரே மூச்சில் கேட்டவர்கள் என்பதை நம் பிள்ளைகள் நம் வாயால் கேட்க வேண்டும்.